மிதக்கும் எலிக்கு மனச்சோர்வு என்று யார் சொன்னது?

மனநோய் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும், அவற்றுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

அண்மையில் என் கட்டுரை ஒன்று மதிப்பாய்விலிருந்து திரும்பி வந்தது. மூளையின் ஒரு நரம்புப் பாதையை அடக்கினால் சுண்டெலிகள் உணவு தேடும் விதம் எப்படி மாறுகிறது என்பதுதான் அதன் பொருள். மனச்சோர்வு என்ற சொல்லை நான் அதில் எங்கும் எழுதவில்லை. இரண்டாம் மதிப்பாய்வாளர் மூன்றே வரி எழுதியிருந்தார்: முடிவுகள் சுவையானவை; ஆனால் நோயோடு உள்ள தொடர்பு தெரியவில்லை; கட்டாய நீச்சல் சோதனையையும் வால்தொங்கல் சோதனையையும் செய்து சேர்த்தால் நன்று. ஆசிரியரின் கடிதமோ அந்த 'நன்று' என்பதை 'கட்டாயம்' ஆக்கியிருந்தது.

அந்த மூன்று வரிக்கு என் பதில்தான் இந்த மடல். எந்த இதழ் என்று சொல்லப்போவதில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை. இத்துறையில் சில ஆண்டுகள் இருந்தவர்களில் பலர் இந்த வரிகளை வாங்கியிருப்பார்கள், அல்லது எழுதியிருப்பார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

சோதனையை நேரில் பார்த்திராதவர்கள் இந்த மடலைப் படிக்கக்கூடும் என்பதால் அதைச் சற்று விவரிக்கிறேன். உயரமான கண்ணாடி உருளை ஒன்று. ஏறி வெளியேற வழியில்லை. பாதியளவு நீர், ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ். சுண்டெலியை உள்ளே விட்டால் முதலில் சுவரைப் பிறாண்டும், சுற்றிச் சுற்றி நீந்தும், மூழ்கிக்கூடப் பார்க்கும். ஓரிரு நிமிடங்களில் வேகம் தணியும். பிறகு மூக்கை நீருக்கு மேலே வைத்துக்கொண்டு, முழுகிவிடாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மட்டும் ஒரு காலை அசைத்தபடி மிதக்கும். மொத்தம் ஆறு நிமிடம். கடைசி நான்கு நிமிடத்தில் எத்தனை விநாடி அசையாமல் இருந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். பெரிய எலி என்றால் இரண்டு நாள் வேலை: முதல் நாள் 15 நிமிடம், 24 மணி நேரம் கழித்து 5 நிமிடம். கணக்கில் சேர்வது இரண்டாம் நாள். 1985-இல் வந்த வால்தொங்கல் சோதனையில் நீர் இல்லை. சுண்டெலியின் வாலில் ஒட்டுநாடா சுற்றி ஆறு நிமிடம் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். அங்கும் எண்ணப்படுவது அசைவின்மைதான்.

ஆராய்ச்சிப் படிப்பின்போது நூற்றுக்கணக்கான மணி நேரம் இந்தக் காணொளிகளின் முன் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருக்கிறேன். எண்ணும் வேலையில் என்னோடு இருந்தவருக்கும் எனக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பின்னங்கால் ஒருமுறை உதைந்து நின்றால் அது நீச்சலா, சமநிலைக்கான அசைவா? நான் ஒன்று சொல்வேன், அவர் வேறொன்று சொல்வார், சராசரி எடுப்போம். ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வழக்கே வந்ததில்லை. எண்ணி முடித்த விநாடிகளுக்கு 'மனச்சோர்வு போன்ற நடத்தை' என்று பெயர் வைப்பதில் இருவரும் முழு உடன்பாடு. எது அசைவு என்பதைப் பற்றி மல்லுக்கு நின்றவர்கள், அசையாமைக்கு என்ன பொருள் என்பதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1977-இல் போர்சோல்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரை அது. நீர் நிரப்பிய புதிர்ப்பாதையில் வழி தேடப் பழக்கிய எலிகளில் சில, தேடுவதை விட்டுவிட்டு மிதந்ததைக் கண்டதிலிருந்து பிறந்த யோசனை. தப்பிக்க வழியில்லை என்று எலி நம்பிக்கை இழந்துவிட்டது என அவர்கள் ஊகித்தார்கள். அந்த நிலையை 'நடத்தை விரக்தி' என்றார்கள். அன்று தெரிந்திருந்த மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்தபோது எலிகள் நெடுநேரம் நீந்தின. மருந்து நிறுவனங்களுக்கு இது போதுமானதாக இருந்தது. புதிய வேதிப்பொருள்கள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருக்க, எதை மேலே எடுத்துச் செல்வது, எதைக் கழிப்பது என்று ஓரிரு நாளில் சொல்லும் மலிவான சல்லடை அவர்களுக்குக் கிடைத்தது. சல்லடையாக அது நன்றாகவே உழைத்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

சல்லடை எப்போது நோயாக மாறியது என்பதுதான் என் கேள்வி. மருந்து கொடுத்தால் அசைவின்மை குறைகிறது. எனவே அசைவின்மைதான் மனச்சோர்வு. எனவே ஒரு மரபணுவை நீக்கியதும் அசைவின்மை கூடினால் அந்த மரபணு மனச்சோர்விலிருந்து காக்கிறது. இந்த மூன்று படிகளில் முதலாவது மட்டுமே கண்டறியப்பட்டது. மற்ற இரண்டும் சொல்லாலேயே கட்டப்பட்டவை. ஆஸ்பிரின் கொடுத்தால் காய்ச்சல் தணிகிறது என்பதற்காகக் காய்ச்சலை 'ஆஸ்பிரின் பற்றாக்குறை' என்று எந்த மருத்துவரும் எழுதுவதில்லை. நம் துறையில் மட்டும் அதற்குத் தடையே இல்லை.

முதல் படிகூட அத்தனை உறுதியானது இல்லை. ஆம்ஃபிடமினும் காஃபினும் அசைவின்மையைக் குறைக்கும். அவை விலங்கைப் பொதுவாகவே துறுதுறுவென்று ஆக்குவதால், காலியான களத்தில் உலவவிடும் 'திறந்தவெளி'ச் சோதனையிலும் நடமாட்டத்தை அளந்து காட்ட வேண்டும் என்பது நடைமுறை. மறுபுறம், இன்று உலகெங்கும் பெரிதும் எழுதித்தரப்படும், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் வழி வேலை செய்யும் மருந்துகளைப் பழைய வடிவச் சோதனையால் நம்பகமாகப் பிடிக்க முடியவில்லை. லக்கி என்ற ஆய்வாளரின் குழு 1995-இல் நீரின் ஆழத்தை 15 சென்டிமீட்டரிலிருந்து 30 ஆக உயர்த்தி, சுவர் ஏறுவதையும் நீந்துவதையும் தனித்தனியாக எண்ணிய பிறகே படம் தெளிந்தது: செரட்டோனின் மருந்துகள் நீச்சலைக் கூட்டின, நார்அட்ரீனலின் மருந்துகள் ஏறுவதைக் கூட்டின. நீரின் ஆழத்தை மாற்றினால் விடை மாறும் சோதனை இது. வாலைத் தரையில் ஊன்ற முடிகிறதா இல்லையா என்பதே எலிக்குப் பெரிய வேறுபாடு. நேரக்கணக்கும் உதைக்கிறது. நோயாளிக்கு மருந்து வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும். எலிக்கோ இரண்டு நீச்சல்களுக்கு இடைப்பட்ட ஒரே நாளில் மூன்று ஊசி போட்டால் போதும். ஒருபோதும் நோயுறாத, நேற்றுவரை கூண்டில் நலமாகத் தின்று உறங்கிய விலங்கு அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, என்னை மிகவும் உறுத்தும் இடம். இரண்டாம் நாள் எலி ஏன் விரைவாக மிதக்கத் தொடங்குகிறது? முதல் நாள் அது ஒன்றைக் கற்றுக்கொண்டது என்பதால். சுவரில் வழியில்லை, நீந்தினால் களைப்புதான் மிச்சம், மிதந்தால் முழுகுவதில்லை, கொஞ்ச நேரத்தில் ஒரு கை வந்து தூக்கிவிடும். அட்ரீனல் சுரப்பி நீக்கப்பட்ட எலிகள் மறுநாள் இந்த மிதத்தலை அவ்வளவாகக் காட்டுவதில்லை. முதல் நீச்சலை ஒட்டி அழுத்த இயக்குநீரைத் திருப்பிக் கொடுத்தால் மிதத்தல் திரும்புகிறது. டி க்ளோயெட்டும் கூட்டாளிகளும் 1985-இல் இதை எழுதியபோது, கற்ற அசைவின்மையை நினைவில் தக்கவைக்க குளுக்கோகார்ட்டிகாய்டுகள் (அந்த அழுத்த இயக்குநீர் வகை) உதவுகின்றன என்றே தலைப்பு வைத்தார்கள். அதில் மனச்சோர்வும் இல்லை, விரக்தியும் இல்லை. அப்படியானால் நேற்றைய பாடத்தை மறக்கடிக்கும் எந்தப் பொருளும் இந்தச் சோதனையில் மனச்சோர்வு மருந்தாக வேடம் போடலாம். மறதி மருந்துக்கும் மனச்சோர்வு மருந்துக்கும் ஒரே மதிப்பெண் தரும் தேர்வு என்ன தேர்வு? சுண்டெலிச் சோதனைக்கு முதல் நாள் கிடையாது என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் அங்கும் முதல் இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டு எண்ணுகிறோமே, அந்த இரண்டு நிமிடத்தில் சுண்டெலி சும்மா இருப்பதில்லை.

பழைய கதைகளும் திருத்தப்பட்டுவிட்டன. 1967-இல் தவிர்க்க முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் பிறகு தப்பிக்க வழி இருந்தும் முயலாமல் கிடந்தன என்று செலிக்மனும் மேயரும் காட்டினார்கள். 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்ற அந்தச் சொல் நம் எல்லோர் மனத்திலும் ஊறிவிட்டது. (ஒருவரின் இறப்பில் செயலற்றுப் புலம்புவதற்குத் தமிழ் வைத்த துறைப்பெயர் கையறுநிலை. அதற்குக்கூட இழந்தது இன்னதென்று அறிந்த ஒருவர் வேண்டும்.) அதே இருவரும் அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல், தங்கள் கோட்பாட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். செயலற்றுக் கிடப்பது கற்றது இல்லையாம். நீண்ட நேரம் துன்பம் தொடர்ந்தால் மூளைத்தண்டின் செரட்டோனின் நரம்பணுக்கள் தாமாகவே தரும் பதில் அதுதான். விலங்கு கற்றுக்கொள்வது தன் கையில் கட்டுப்பாடு உண்டு என்பதை; அதைக் கண்டறிந்ததும் நெற்றிப்புற மூளைப் புறணி அந்தச் செரட்டோனின் நரம்பணுக்களை அடக்குகிறது. கோட்பாட்டை உருவாக்கியவர்களே மாற்றி எழுதிவிட்டார்கள். நம் கட்டுரைகளின் முன்னுரைப் பத்தி மட்டும் 1967-லேயே நின்றுகொண்டிருக்கிறது.

சொல்லை மாற்ற வேண்டும் என்று கேட்பதில் நான் முதல் ஆள் இல்லை. அசைவின்மை என்பது தகவமைப்பு, அது மனச்சோர்வைக் காட்டுவதில்லை என்று மோலெண்டைக்கும் டி க்ளோயெட்டும் 2015-இல் எழுதினார்கள். இந்தச் சோதனை அளப்பது அழுத்தத்தைச் சமாளிக்கும் உத்தியை என்று 2017-இல் காமன்சும் கூட்டாளிகளும் எழுதினார்கள். 2019-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம், விலங்கு நடத்தையை முழு மனநோயின் மாதிரியாகக் காட்டும் விண்ணப்பங்களை ஊக்குவிக்க விரும்பவில்லை என்று அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2024-இல் கட்டாய நீச்சல் சோதனையைச் சட்டம் இயற்றியே தடைசெய்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் மதிப்பாய்வுகளில் அந்த மூன்று வரி வந்துகொண்டேதான் இருக்கிறது. நிதி தருபவர்களும் சட்டம் இயற்றுபவர்களும் நகர்ந்த பின்னும் நகராமல் இருப்பது, மன்னிக்கவும், நாம்தான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'மனச்சோர்வு' என்பதை அடித்துவிட்டு 'செயலற்ற சமாளிப்பு' என்று எழுதினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கண்டுபிடி, மாற்று என்று கணினிக்குக் கட்டளையிட்டதுபோல அப்படிச் செய்த கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். முன்னுரையில் சமாளிப்பு, முடிவுரையில் மீண்டும் நோய். அதைவிட ஆழமான சிக்கல் 'செயலூக்கம்', 'செயலின்மை' என்ற இணையில் இருக்கிறது. நீந்துவது நல்லது, மிதப்பது கெட்டது என்ற தீர்ப்பு அந்தச் சொற்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வழியில்லாத உருளையில் ஆறு நிமிடமும் சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும் சுண்டெலி எதை நன்றாகச் சமாளிக்கிறது? அதன் உடல் வெப்பம் இறங்குகிறது, ஆற்றல் கரைகிறது, பலன் ஒன்றுமில்லை. மிதக்கும் சுண்டெலி பிழைத்திருப்பதற்கான செலவைக் குறைத்துக்கொள்கிறது. இயற்கையில் இருவகைப் பிறவிகளும் உண்டு. கூல்ஹாஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: முன்கை எடுத்து மோதும் எலியும், சூழலைப் பார்த்துப் பொறுத்து நடக்கும் எலியும் ஒரே இனத்தில் அருகருகே வாழ்கின்றன, எது வெல்லும் என்பது சூழலைப் பொறுத்தது. மனச்சோர்வு மருந்து மிதப்பவனை நீந்துபவனாக மாற்றினால், அது அவனைக் குணப்படுத்தியதா, பாடம் கற்கவிடாமல் செய்ததா என்பது சோதனைக்கு வெளியே விடை தேட வேண்டிய கேள்வி. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நோயைத் தேடிப் போனவர்களுக்கு ஓய்வும் நோயாகத் தெரிகிறது.

தமிழில் எழுதும்போது இன்னொரு கண்ணியும் காலைச் சுற்றுகிறது. நம் செய்தித்தாள்களில் அழுத்தமும் மனச்சோர்வும் ஒரே சொல்லில், 'மன அழுத்தம்' என்று அச்சாவது வழக்கம். எலி ஆறு நிமிட அழுத்தத்தை எப்படி எதிர்கொண்டது என்ற ஆய்வு, வாசகரின் கைக்கு வரும்போது 'மன அழுத்தத்துக்குப் புதிய மருந்து' ஆகிவிடுகிறது. அதைப் படித்துவிட்டு, உட்கொள்ளும் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கும் உறவினர்கள் எனக்கு உண்டு. செய்தியாளரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் அவர் கையில் இருந்த ஆய்விதழின் தலைப்பிலேயே நோயின் பெயர் இருந்தது.

இந்தச் சோதனையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்பவர்களின் வாதம் வலுவானது, விலங்குபடும் பாட்டைப் பற்றியது. அதற்கு முன் நான் தலைகுனிந்தே நிற்கிறேன். நான் பேசுவது வேறு. கேள்வி சரியாக இருந்தால் இந்தச் சோதனையும் நல்ல விடை தரும் என்பதற்கு என்னிடம் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2012-இல் வார்டனும் கூட்டாளிகளும் எலியின் நெற்றிப்புற மூளையிலிருந்து செரட்டோனின் மையத்துக்குப் போகும் நரம்பிழைகளை மட்டும் ஒளியால் தூண்டினார்கள். நீரில் இருந்த எலி உடனே உதைக்கத் தொடங்கியது; தூண்டலை நிறுத்தியதும் தணிந்தது. அதே எலியைத் தரையில் விட்டுத் தூண்டியபோது நடமாட்டம் கூடவில்லை. அதாவது கால் தசைகளைக் கிளப்பிவிடும் பாதை இல்லை அது. முயல்வதா வேண்டாமா என்ற முடிவோடு தொடர்புள்ள பாதை. விநாடிக்கு விநாடி அளந்தார்கள், நடமாட்டத்தைப் பிரித்துக் காட்டினார்கள். தலைப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'நடத்தைச் சவாலுக்கு எதிர்வினையைக் கட்டுப்படுத்தும்' பாதை என்று. உலகப் புகழ்பெற்ற இதழ் அந்தத் தலைப்போடுதான் வெளியிட்டது. நோயின் பெயர் தலைப்பில் இல்லாததால் யாரும் அதைப் படிக்காமல் விடவில்லை.

ஆகவே, உங்களிடம் நான் கேட்பது இவை. நீச்சல் சோதனையை ஒரு கட்டுரைக்கு அனுமதிச் சீட்டாகக் கேட்காதீர்கள். கட்டுரையின் கேள்விக்கு அது தேவையென்றால் ஏன் என்று ஒரு வாக்கியம் எழுதிக் கேளுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் சோதனையும் தேவையில்லை. தலைப்பிலும் சுருக்கத்திலும் பார்த்தது இருக்கட்டும்: மிதந்த நேரம், நீந்திய நேரம், ஏறிய நேரம். ஊகம் பின்னால், ஊகம் என்ற பெயரோடு வரட்டும். நான்கு நிமிடத்தை ஒரே எண்ணாக அடைப்பதற்குப் பதில் நிமிடவாரியாகக் காட்டச் சொல்லுங்கள்; ஒரு சுண்டெலி தாமதமாக மிதக்கத் தொடங்குவதும், தொடங்கிய பின் அடிக்கடி விழித்தெழுவதும் வெவ்வேறு செய்திகள். நீரின் ஆழம், வெப்பம், உருளையின் விட்டம், விலங்கின் எடை, பால், வகை, எந்த நேரத்தில் நடந்தது, யார் கையாண்டார் என்பவை இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.

யார் கையாண்டார் என்பதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். அறையில் ஓர் ஆண் ஆய்வாளர் இருப்பதே, அவர் உடல் வாசனையே, சுண்டெலியின் அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது என்று 2014-இல் காட்டப்பட்டது. வாலைப் பிடித்துத் தூக்குவதற்கும் குழாயில் ஏறவிட்டு எடுப்பதற்கும் பதற்றச் சோதனையில் தெளிவான வேறுபாடு உண்டு என்பது 2010-இலேயே தெரியும். அதற்கு முன்பே, 1999-இல், கிராபும் கூட்டாளிகளும் மூன்று நகரங்களின் ஆய்வகங்களில் ஒரே வகைச் சுண்டெலிகள், ஒரே கருவிகள், ஒரே நாள் கணக்கு என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். ஆனாலும் சில சோதனைகளில் விடை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறியது. வேறு இடத்தில் நிற்காத வேறுபாட்டின் மேல் நோயின் பெயரை எழுதி மாட்டுகிறோம்.

ஒரே சோதனையை இரண்டாகச் செய்யச் சொல்வதும் உதவாது. நீச்சலும் வால்தொங்கலும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதாக மதிப்பாய்வுகளில் எழுதுகிறோம். இரண்டுமே தப்பிக்க வழியில்லாத சில நிமிடங்கள், இரண்டிலும் எண்ணப்படுவது அசைவின்மை. ஒரே சாட்சியை இருமுறை கூண்டில் ஏற்றுவதால் சாட்சிகள் இரண்டாவதில்லை. இனிப்பு நீரை நாடும் விருப்பம், பலனுக்காக எவ்வளவு உழைக்கத் தயாராக இருக்கிறது என்பது, உறக்கம், சக விலங்குகளோடு பழகுவது ஆகியவை வேறு கேள்விகள். அவற்றில் எதுவும் மனச்சோர்வு ஆகிவிடாது. அது மனிதர் சொல்லக் கேட்டு அறியும் நோய். குற்றவுணர்வும், சாக வேண்டும் என்ற எண்ணமும் எந்த உருளையிலும் மிதப்பதில்லை.

என் சொந்தக் கணக்கையும் தீர்த்துவிடுகிறேன். ஆராய்ச்சிப் படிப்பின்போது வெளியான என் முதல் கட்டுரையின் தலைப்பில் 'மனச்சோர்வு போன்ற நடத்தை' என்ற தொடர் இருக்கிறது. அதைத் திருத்தக் கேட்டு வெளியிட்ட இதழுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் பிழையின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிரியர் பெயர், நிறுவன முகவரி, எண்கள், படங்கள், நிதி உதவி என்று ஐந்து தேர்வுகள் இருந்தன. எண்களில் பிழையில்லை, படங்களிலும் இல்லை. வேறு வழியின்றி 'படங்கள்' என்பதைத் தேர்ந்தெடுத்து, நான்காம் படத்தின் செங்குத்து அச்சில் உள்ள சொல் தவறு, 'அசையாமல் இருந்த விநாடிகள்' என்று இருக்க வேண்டும் என எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களுக்கு எழுதுபவரும், அவற்றின் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்பவருமான ஒருவர்